மூளைக் காயத்திலிருந்து மீள்பவர்களுக்கு உரையாடல்–ஓவியக் குழு நடத்துவது எப்படி?

விபத்தில் தலையில் அடிபட்டவர், பக்கவாதம் தாக்கியவர், மூளைக் காய்ச்சலில் பிழைத்தவர், மூளைக் கட்டியை அறுவை செய்து அகற்றிக்கொண்டவர், மாரடைப்பின்போது சில நிமிடங்கள் மூளைக்கு ஆக்சிஜன் கிடைக்காமல் போனவர் என்று காரணங்கள் பலவாக இருந்தாலும், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பி ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் பலருடைய நிலையும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். உடம்பு ஓரளவு தேறியிருக்கும்; பார்க்க வருகிறவர்கள் குறைந்திருப்பார்கள்; வீட்டில் நடக்கும் பேச்சு, சாப்பிட்டாயிற்றா, மாத்திரை போட்டாயிற்றா என்ற அளவுக்குச் சுருங்கியிருக்கும். நடக்கவும் கையைத் தூக்கவும் பயிற்சி தர ஆள் கிடைப்பதுபோல, நாலு பேரோடு உட்கார்ந்து பேசப் பயிற்சி தர ஆள் எளிதில் கிடைப்பதில்லை.

அந்தப் பயிற்சிக்கான குழுவை முதன்முதலாக நடத்தப்போகும் இளம் சிகிச்சையாளர்களுக்கும், அவர்களுக்குத் துணையாக உட்காரப்போகும் தன்னார்வலர்களுக்கும் குடும்பத்தாருக்கும் இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. பேச்சையும் ஓவியத்தையும் ஏன் ஒரே குழுவில் வைக்க வேண்டும் என்று கேட்கலாம். சொல் வராதவருக்குச் சுட்டிக்காட்ட ஒரு தாள் கையில் இருக்கிறது. சொன்னது மறந்துபோகிறவருக்குச் சென்ற வாரம் பேசியது வண்ணத்தில் பதிந்து கிடக்கிறது. ஓயாமல் பேசுகிறவருக்குக் கைக்கு வேலை கிடைத்து வாய் சற்று ஓய்கிறது. ஆகவே இரண்டையும் வெவ்வேறு நாட்களில் தனித்தனியாக வைப்பதைவிட, ஒரே அமர்வில் அடுத்தடுத்து வைப்பதே நல்லது என்பது என் துணிபு.

இம்முறைகளுக்கு ஓரளவு நீண்ட வரலாறு உண்டு. இரண்டாம் உலகப் போரில் தலையில் காயம்பட்டுத் திரும்பிய வீரர்கள் ஏராளம், சிகிச்சையாளர்களோ சிலர். அந்த நெருக்கடியில்தான் பேச்சிழந்தவர்களைக் குழுவாக உட்காரவைத்துச் சிகிச்சை தரும் வழக்கம் பரவியது. கலைச் சிகிச்சை என்ற பெயரை 1942-இல் வழங்கியவர் ஏட்ரியன் ஹில் என்னும் ஆங்கிலேய ஓவியர். காசநோய் விடுதியில் தாம் படுத்திருந்தபோது வரைந்ததால் கிடைத்த ஆறுதலை மற்ற நோயாளிகளுக்கும் எடுத்துச் சென்றார். 1973 அரபு–இஸ்ரேல் போருக்குப் பிறகு இஸ்ரேலில் யெஹுதா பென்–யிஷாய் அமைத்த பகல்நேர மறுவாழ்வுத் திட்டத்தில், காயம்பட்டவர்கள் ஒருவர் முன் ஒருவர் பேசுவதே சிகிச்சையின் மையமாக இருந்தது. ஆள் பற்றாக்குறையால் தொடங்கிய குழு முறைக்கு, தனியே உட்காரவைத்துத் தரும் சிகிச்சையால் தர முடியாத ஒன்று உண்டு என்பது இப்படி மெல்லத் தெளிவாயிற்று: தன்னைப் போலவே தடுமாறும் இன்னொருவரை எதிரில் பார்ப்பது.

முதல் படி: யார் நடத்துவது, யாரைச் சேர்ப்பது

குழுவுக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மூளைக் காய மறுவாழ்வில் பயிற்சி பெற்ற பேச்சுச் சிகிச்சையாளராகவோ, உளவியலாளராகவோ, கலைச் சிகிச்சையாளராகவோ இருக்க வேண்டும், மற்றவர் துணையாளர். கலைச் சிகிச்சை என்பது தனிப் படிப்பும் மேற்பார்வையும் தேவைப்படும் ஒரு தொழில். அப்படிப் படித்தவர் உங்கள் குழுவில் இல்லையென்றால் ஓவிய அமர்வு என்று மட்டும் சொல்லிக்கொள்ளவும். அதுவும் பயன் தரும், ஆனால் சிகிச்சை என்ற பெயரை அதற்குச் சூட்ட வேண்டாம்.

உறுப்பினர்கள் நான்கிலிருந்து ஆறு பேர் போதும். எட்டைத் தாண்டினால் ஒவ்வொருவருக்கும் பேசும் நேரம் சுருங்குவதோடு, ஒரே சமயத்தில் பல குரல்கள் எழும்போது காயம்பட்ட மூளை அவற்றைப் பிரித்தறிய முடியாமல் திணறும். வயதையோ காயத்தின் காரணத்தையோ பார்த்து ஆட்களைச் சேர்ப்பதைவிட, பேசும் திறனும் புரிந்துகொள்ளும் திறனும் ஏறத்தாழ ஒத்திருப்பவர்களைச் சேர்ப்பது நல்லது. சரளமாகப் பேசும் நால்வருக்கு நடுவே சொல் வராத ஒருவரை உட்காரவைத்தால், அவருக்குக் குழுவிலும் தனிமைதான் மிஞ்சும்.

எப்போது சேர்ப்பது என்பதில் அவசரம் கூடாது. காயத்துக்குப் பின் சிலர் நாட்கணக்கிலோ வாரக்கணக்கிலோ, இடம், தேதி, நடந்தது எதுவும் மனதில் தங்காத குழப்ப நிலையில் இருப்பார்கள். கலிஃபோர்னியாவின் ராஞ்சோ லாஸ் அமிகோஸ் மறுவாழ்வு மருத்துவமனை உருவாக்கிய படிநிலை அளவீட்டில் நான்காம் நிலை என்பது குழப்பமும் கொந்தளிப்பும் சேர்ந்த நிலை. அந்த நிலையில் இருப்பவருக்கு அமைதியான அறையும் பழகிய ஒரு முகமும்தான் தேவை, குழு அல்ல. குழப்பம் இருந்தாலும் சொன்னதைப் பின்பற்றிச் செய்ய முடிகிற ஆறாம் நிலையை எட்டியவர்களையே குழுவுக்கு அழைப்பது பொதுவாகப் பாதுகாப்பானது. இருபது நிமிடமாவது ஓரிடத்தில் உட்கார முடிகிறதா என்பதையும் பார்க்கவும்.

மருத்துவ அறிக்கைகளில் கிளாஸ்கோ மயக்க அளவீட்டின் எண்ணைக் காண்பீர்கள். 1974-இல் டீஸ்டேல், ஜென்னட் ஆகிய இருவரும் வகுத்த அந்த அளவீடு 3-இலிருந்து 15 வரை செல்லும். 8-உம் அதற்குக் கீழும் கடுமையான காயம் எனக் கொள்ளப்படும். ஆனால் அது காயம்பட்ட வேளையின் நினைவுநிலையைச் சொல்லும் எண். இன்று உங்கள் எதிரில் உட்கார்ந்திருப்பவர் குழுவில் எப்படிப் பங்கெடுப்பார் என்பதை அதைக் கொண்டு முடிவுசெய்யக் கூடாது.

முதல் அமர்வுக்கு முன்பே ஒவ்வொருவரையும் தனியே சந்தித்து ஒரு குறிப்புத்தாள் தயாரிக்கவும். வலிப்பு வந்ததுண்டா, விழுங்குவதில் சிரமம் உண்டா, மண்டையோட்டு எலும்பின் ஒரு பகுதி அகற்றப்பட்டு இன்னும் திரும்பப் பொருத்தப்படாமல் இருக்கிறதா, பார்வையில் எந்தப் பக்கம் தெரிவதில்லை, கண்ணாடியும் காதுக்கருவியும் உண்டா, காயத்துக்கு முன் எந்தக் கையால் எழுதினார், எந்த மொழியில் பேசுவது அவருக்கு எளிது, மாத்திரை சாப்பிட்டபின் எப்போது தூக்கம் வருகிறது என்பவை அதில் இருக்க வேண்டும். எலும்பு பொருத்தப்படாதவருக்கு மருத்துவர் தலைக்கவசம் சொல்லியிருந்தால், அதை அணியாமல் அவர் அறைக்குள் நடமாடக் கூடாது.

சம்மதத்தை அவரிடமே கேட்க வேண்டும். பேச்சு வராதவர் என்பதற்காகக் குடும்பத்தார் தலையசைத்தால் போதும் என்று விட்டுவிட முடியாது. குழு எத்தனை பேர், என்ன செய்வோம், வேண்டாமென்றால் எழுந்து போகலாம் என்பவற்றைப் படங்களும் பெரிய எழுத்தும் கொண்ட ஒற்றைத் தாளில் காட்டி, ஆம், இல்லை என்ற இரு அட்டைகளில் ஒன்றைத் தொடச் சொன்னால், பெரும்பாலோரிடமிருந்து தெளிவான பதில் கிடைக்கும்.

இரண்டாம் படி: அறையும் நேரமும்

மூளைக் காயத்துக்குப் பின் வரும் களைப்பு வேலை செய்து வரும் களைப்பைப் போன்றதன்று. நன்றாகப் பேசிக்கொண்டிருப்பவர் சட்டென்று முகம் வெளுத்து, சொற்கள் குழறி, எரிச்சலுற்று, அடுத்த இரண்டு மணி நேரம் படுத்தே கிடக்க நேரிடும். ஓசையும் வெளிச்சமும் அந்தக் களைப்பை விரைவுபடுத்தும். ஆகவே அறையைத் தேர்ந்தெடுக்கும்போது அழகைப் பார்க்காமல் காதைக் கொடுத்துக் கேளுங்கள்: இரைகிற மின்விசிறி, விட்டுவிட்டு மின்னும் குழல்விளக்கு, தெருவைப் பார்த்த சன்னல், அடுத்த அறைத் தொலைபேசி எல்லாம் உங்களுக்குப் பழகியிருக்கும், அவர்களுக்குப் பழகாது.

சக்கர நாற்காலி அடியில் நுழையும் உயரத்தில் ஒரே மேசை, எல்லோர் முகமும் எல்லோருக்கும் தெரியும்படி இருக்கைகள், பெரிய கடிகாரம், தேதியும் அன்றைய நிகழ்ச்சி வரிசையும் எழுதிய பலகை, பெரிய எழுத்தில் பெயர் அட்டைகள், அருகிலேயே கழிப்பறை, படுக்கவோ சாய்ந்துகொள்ளவோ ஒரு மூலை ஆகியவை போதும். பெயர் அட்டையை நடத்துபவர்களும் அணிய வேண்டும். வாரத்துக்கு ஒருமுறையோ இருமுறையோ, எப்போதும் அதே கிழமை, அதே நேரம், அதே இருக்கை என்று வைத்துக்கொள்ளவும். பெரும்பாலோருக்குக் காலை நேரமே ஏற்றது. மொத்தம் எழுபத்தைந்து நிமிடத்துக்கு மேல் போக வேண்டாம், நடுவில் கட்டாயம் ஓய்வு வேண்டும்.

மூன்றாம் படி: பொருட்கள்

தடித்த கிரேயான், ஆயில் பேஸ்டல், அகலப் பிரஷ், தண்ணீரில் கரையும் வண்ணம், ஏ3 அளவுத் தாள், மாஸ்கிங் டேப் ஆகியவற்றோடு தொடங்கலாம். ஒரு கை செயலிழந்தவர் வரையும்போது தாள் நழுவிக்கொண்டே போகும். நான்கு மூலைகளையும் டேப் போட்டு மேசையில் ஒட்டிவிட்டால் பாதிச் சிரமம் தீர்ந்துவிடும். பிரஷ் பிடியில் ஸ்பாஞ்சைச் சுற்றித் தடிமனாக்கினால் பிடி தளர்ந்தவர்களுக்கு வசதி. செயலிழந்த கையை மேசையின்மேல் தாங்கலாக வைக்கச் செய்யவும். உதவுவதாக எண்ணி அந்தக் கையைப் பிடித்து இழுக்க வேண்டாம், தளர்ந்த தோள்மூட்டு எளிதில் நழுவும்.

டர்பன்டைன், தின்னர், வாடையடிக்கும் பசை ஆகியவை அறைக்குள்ளேயே வரக் கூடாது. பிரஷ் கழுவும் தண்ணீருக்குக் குடிக்கும் தம்ளரைப் போலவே இருக்கும் பாத்திரத்தை வைத்தால் யாராவது எடுத்துக் குடித்துவிடுவார். மூடி போட்ட, முற்றிலும் வேறு வடிவப் பாத்திரம் வைக்கவும். கத்தரிக்கோல்களை எண்ணி வெளியே எடுத்து, எண்ணி உள்ளே வைக்கவும். விழுங்கும் சிரமம் உள்ளவர்கள் இருப்பதால், இடைவேளையில் யாருக்கு என்ன தரலாம், தண்ணீரைக் கெட்டியாக்கித் தர வேண்டுமா என்பதைப் பேச்சுச் சிகிச்சையாளர்தான் சொல்ல வேண்டும். அன்பினால் நீட்டப்படும் ஒரு வாய்த் தண்ணீர் நுரையீரலுக்குள் போய்விடக்கூடும்.

பொருளுக்கும் ஒரு குணம் உண்டு. பென்சிலும் கிரேயானும் கைக்குக் கட்டுப்படும். வாட்டர் கலர் தன்போக்கில் ஓடும். எளிதில் நிலைகுலைகிறவரிடம் முதல் நாளே ஓடும் வண்ணத்தைக் கொடுத்தால் அது பரவும் வேகத்தில் அவருடைய பதற்றமும் பரவும். இறுகிப்போய், ஒரு கோட்டையே திரும்பத் திரும்ப வரைந்துகொண்டிருப்பவருக்கோ சில வாரம் கழித்து அதே வாட்டர் கலர் நல்ல தூண்டுதலாகலாம்.

நான்காம் படி: அமர்வை நடத்துவது

முதல் பத்து நிமிடம் வருகைக்கும் பெயர்களுக்கும் உரியது. பலகையில் உள்ள தேதியைச் சேர்ந்து படித்து, சென்ற வார ஓவியங்களை மேசையில் பரப்புங்கள். "போன வாரம் என்ன செய்தோம், ஞாபகம் இருக்கிறதா?" என்று கேட்க வேண்டாம், நினைவாற்றல் குறைந்தவர்களுக்கு அந்தக் கேள்வியே ஒரு தேர்வாகி, ஊகித்துத் தவறாகச் சொன்ன பதில் அப்படியே மனதில் பதிந்துவிடும். நினைவிழப்பு உள்ளவர்கள் தவறு செய்து கற்பதைவிடத் தவறுக்கு இடமின்றிக் கற்பதே நிலைக்கிறது என்பதை ஆலன் பேட்லியும் பார்பரா வில்சனும் 1994-இல் காட்டினார்கள். ஆகவே, "போன வாரம் நீங்கள் இந்தச் சன்னலை வரைந்தீர்கள்" என்று சொல்லி, தாளை அவர் பக்கம் நகர்த்துவதே சரி.

அடுத்த பதினைந்து நிமிடம் உரையாடல். பேசுபவர் கையில் ஒரு பொருளை வைத்திருப்பார், அது கையில் இருக்கும்வரை மற்றவர்கள் கேட்பார்கள் என்ற ஒற்றை விதி போதும். இங்கே நடத்துபவரின் வேலை பெரும்பாலும் காத்திருப்பதுதான். கேள்வி கேட்டபின் பத்து நொடி வாய் திறக்காமல் இருந்து பாருங்கள். அந்தப் பத்து நொடி உங்களுக்குத்தான் நீளம், சொல்லைத் தேடிக்கொண்டிருப்பவருக்கு அது போதவே போதாது. அவர் தேடும் சொல் உங்களுக்குத் தெரிந்தாலும் முந்திக்கொண்டு சொல்லிவிட வேண்டாம். உதவட்டுமா என்று கேட்டு, அவர் தலையசைத்தபின் முதல் ஒலியை மட்டும் எடுத்துக் கொடுங்கள்.

அஃபேசியா எனப்படும் பேச்சிழப்பில் குலைவது மொழி, அறிவு அன்று. 1861-இல் பாரிசில் பால் புரோகா பரிசோதித்த நோயாளி 'டான்' என்ற ஒரே அசையைத்தான் சொல்ல முடிந்தவர். ஆனாலும் கேட்டது அவருக்குப் பெரும்பாலும் புரிந்தது, எண்களைக்கூட விரல் காட்டிச் சொன்னார். இதை மனதில் வைத்துக்கொண்டால், குரலை உயர்த்துவதும், குழந்தையிடம் கொஞ்சுவதுபோலப் பேசுவதும், உடன் வந்தவரைப் பார்த்து "இவருக்கு என்ன வேண்டுமாம்?" என்று கேட்பதும் தாமாகவே நின்றுவிடும். குறுகிய வாக்கியமாகப் பேசவும், முக்கியச் சொல்லைத் தாளில் எழுதவும், சைகை காட்டவும், கேட்டதைத் திருப்பிச் சொல்லிச் சரிதானா என்று உறுதிசெய்யவும். புரியாததைப் புரிந்ததுபோல நடிப்பதுதான் இதில் பெரிய அவமரியாதை. "எனக்கு இன்னும் பிடிபடவில்லை, வேறு வழியில் காட்ட முடியுமா?" என்று சொல்லலாம்.

இதற்கு நேர்மாறானவர்களும் குழுவில் இருப்பார்கள். மூளையின் முன்பகுதியில் காயம்பட்ட சிலருக்குப் பேச்சை நிறுத்தும் கட்டுப்பாடு தளர்ந்திருக்கும். அவர்களை எல்லோர் முன்னிலையிலும் அடக்காமல், முன்கூட்டியே தனியே பேசி ஒரு சைகையை ஒப்புக்கொள்ளச் செய்யவும். உள்ளங்கையை மேசையில் மெதுவாக வைத்தால் போதும். வேறு சிலர் நடக்காததை நடந்ததாக உறுதியாகச் சொல்வார்கள். அது பொய்யன்று, நினைவின் இடைவெளியை மூளை தானே நிரப்பிக்கொள்வது. அதை மறுத்து வாதாடவும் வேண்டாம், ஆமாம் போடவும் வேண்டாம். அந்தப் பேச்சில் உள்ள உணர்வைப் பிடித்துக்கொண்டு கைக்கெட்டும் ஏதாவதொன்றுக்குப் பேச்சைத் திருப்பவும்.

பிறகு இருபத்தைந்து நிமிடம் வரைதல். வெற்றுத்தாளைக் கொடுத்து, விருப்பப்படி வரையுங்கள் என்று சொல்வது, எதையும் தானாகத் தொடங்க முடியாத நிலையில் இருப்பவருக்குச் சுவரைக் காட்டுவது போலாகும். ஒரு வட்டத்தையோ வளைந்த ஒரு கோட்டையோ நீங்களே போட்டுக் கொடுத்து, இதைத் தொடருங்கள் என்று சொன்னால் கை நகரும். வரையும்போது யாரும் பேச வேண்டியதில்லை, பாட்டும் வேண்டாம். வரைந்தபின் பத்து நிமிடம் முழு ஓய்வு, அதன்பின் பதினைந்து நிமிடம் ஓவியங்களை நடுவில் வைத்துப் பேச்சு.

அந்தக் கடைசிப் பதினைந்து நிமிடத்தில்தான் குழுவின் பலன் கண்ணுக்குத் தெரியும். ஒரு குழுவில், 'ஆமாம்' என்பதைத் தவிர வேறு சொல் எளிதில் வராத ஒருவர், இடது கையால் ஒரு நீள்சதுரத்தையும் அதன்மேல் இரண்டு கோடுகளையும் வரைந்து நடுவில் தள்ளினார். பேருந்தா என்றார் ஒருவர்; இல்லையென்று தலையசைத்தார். கட்டிலா என்றார் இன்னொருவர், சிரித்தார். தாளை மறுபடி வாங்கிப் பக்கவாட்டில் ஆரங்களோடு ஒரு சக்கரம் வரைந்தார். அப்போதும் யாருக்கும் பிடிபடவில்லை. பிறகு மேசையில் கிடந்த வெள்ளைத் தாளை எடுத்து, அந்த நீள்சதுரத்துக்குள் நுழைப்பதுபோல நீட்டி, வெளியே இழுத்து, அச்சு ஈரத்தைச் சோதிப்பதுபோல ஓரத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். அச்சு இயந்திரம் என்று ஒரே நேரத்தில் இரண்டு பேர் சொன்னார்கள். அவர் என்ன தொழில் செய்தவர் என்பதைக் குறிப்புத்தாளில் படித்திருந்த நடத்துநர், அதுவரை வாய் திறக்கவில்லை. அதுதான் அங்கே அவர் செய்த நல்ல காரியம்.

ஐந்தாம் படி: எந்த வாரம் எதை வரைவது

காயத்தை வரையுங்கள் என்று தொடங்க வேண்டாம். முதல் இரண்டு வாரங்கள் கோடு, வண்ணம், ஒருவர் போட்ட கோட்டை மற்றவர் தொடர்வது என்று செல்லட்டும். அதற்குப் பின் கைக்குப் பழகிய ஒரு கருவி, தெரிந்த ஓர் அறை, நடந்து செல்லும் ஒரு வழி. நாலைந்து வாரம் கடந்தபின் ஒரு நாளின் களைப்பை வரைவது மிகவும் பயன்படும்: விழித்ததிலிருந்து உறங்கும்வரை மணிக்கு ஒரு கட்டம் போட்டு, தெளிவாக இருக்கும் மணிக்கு ஒரு வண்ணமும் சோர்ந்த மணிக்கு வேறு வண்ணமும் தீட்டச் செய்தால், வாயால் விளக்க முடியாத ஒன்று ஒரே பார்வையில் தெரியும். அந்தத் தாளை மருத்துவரிடமும் வேலை கொடுப்பவரிடமும் எடுத்துச் சென்று காட்டலாம்.

முன்பு இருந்த நான், இப்போது இருக்கும் நான் என்ற கருவைக் குழுவில் நம்பிக்கை வேரூன்றிய பிறகே எடுக்கவும். முகமூடி செய்வது இதற்கு ஒரு நல்ல வழி. அமெரிக்காவின் பெதஸ்டா ராணுவ மருத்துவ வளாகத்தில் 2010-இல் திறக்கப்பட்ட மூளைக் காய மையத்தில், தலைக் காயமும் போர் அதிர்ச்சியும் சேர்ந்த வீரர்கள் முகமூடிகளுக்கு வண்ணம் தீட்டி, அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசத் தொடங்குகிறார்கள். வெளிப்பக்கம் பிறர் காணும் முகத்தையும் உட்பக்கம் தான் மட்டும் அறிந்த முகத்தையும் தீட்டச் சொல்லலாம். இதைச் செய்யும் வாரத்தில் பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் அறையில் இல்லையென்றால் தள்ளிப்போடுங்கள்.

ஆறாம் படி: ஓவியத்துக்குப் பொருள் சொல்லாமலிருப்பது

புதியவர்கள் அடிக்கடி தவறுவது இங்கேதான். ஒருவர் கறுப்பு வண்ணத்தையே தீட்டினால் அவர் துயரத்தில் இருக்கிறார் என்றும், தாளின் பாதியை வெறுமையாக விட்டால் இழப்பைச் சொல்கிறார் என்றும் முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். கறுப்புக் கிரேயான் அவருடைய நல்ல கைக்கு அருகில் கிடந்திருக்கலாம். வெறுமையான இடப்பாதி, பெரும்பாலும், மூளையின் வலப்பக்கக் காயத்தால் இடப்பக்கம் கவனத்துக்கே வராத நிலையின் அடையாளம். அவரிடம் கடிகாரம் வரையச் சொன்னால் பன்னிரண்டு எண்களையும் வலப்பாதியிலேயே நெருக்கி எழுதுவார், எழுதியபின் அதில் குறையிருப்பதாகவும் அவருக்குத் தோன்றாது. அவருக்குத் தேவை விளக்கவுரை அல்ல: தாளின் இட ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு தடித்த சிவப்புக் கோடு போட்டு, தொடங்கும் முன் அந்தச் சிவப்பைக் கண்ணால் தேடிப் பிடிக்கச் செய்யவும். இடப்பக்கம் புதிதாகப் புறக்கணிப்பு தென்பட்டால் மருத்துவரிடம் சொல்லவும்.

அருமை, பிரமாதம் என்று எல்லோரிடமும் சொல்லும் பாராட்டும் வேண்டாம். முன்பு நன்றாக வரைந்த ஒருவர், இன்று கை நடுங்கப் போட்ட கோட்டை நீங்கள் பிரமாதம் என்றால், அவர் உங்களை நம்புவதை நிறுத்திவிடுவார். கண்ணில் பட்டதைச் சொல்லுங்கள்: இந்த இடத்தில் நீலத்தை அழுத்தித் தீட்டியிருக்கிறீர்கள், இதைப் பற்றிச் சொல்லுங்கள்.

ஏழாம் படி: இடர்ப்பட்ட வேளைகள்

காரணமில்லாமல் பொங்கிவரும் அழுகையும் சிரிப்பும் மூளைக் காயத்தின் விளைவாகவே சிலருக்கு உண்டு. அவரிடம் முன்பே கேட்டு வைத்திருந்தால், நின்று தேற்றுவதா, கண்டும் காணாமல் பேச்சைத் தொடர்வதா என்பது உங்களுக்குத் தெரியும். பெரும்பாலோர் இரண்டாவதையே விரும்புவார்கள். கோபம் வெடித்தால் துணையாளர் அவரை அமைதியான மூலைக்கு அழைத்துச் செல்ல, மற்றவர் குழுவோடு இருக்கட்டும்.

தனக்கு எந்தக் குறையும் இல்லை என்று உறுதியாக நம்புகிறவர்கள் இருப்பார்கள். அது பிடிவாதமாகத் தோன்றினாலும் பலமுறை அது காயத்தின் கூறு. 1914-இலேயே ஜோசப் பாபின்ஸ்கி என்னும் நரம்பியல் மருத்துவர், உடம்பின் ஒரு பக்கம் செயலிழந்தும் அதை உணராத நோயாளிகளைப் பற்றி எழுதினார். நீங்கள் எதிர்த்துச் சொன்னால் அவர் சண்டைக்கு வருவார். அதே நிலையைக் கடந்து வந்த இன்னொரு உறுப்பினர், "நானும் வண்டி ஓட்ட முடியும் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்" என்று தன் கதையைச் சொன்னால், சில சமயம் காது கொடுப்பார்.

வலிப்பு வந்தால் நேரத்தைப் பார்த்துக்கொள்ளவும்; சுற்றியுள்ள பொருட்களை அகற்றி, தலைக்கு அடியில் மென்மையாக எதையாவது வைத்து, ஒருக்களித்துப் படுக்கவைக்கவும்; வாயில் எதையும் திணிக்க வேண்டாம், கைகால்களை அழுத்திப் பிடிக்கவும் வேண்டாம். ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, நினைவு திரும்பாமல் மறுபடி வந்தாலோ, அவருக்கு இதுவே முதல் வலிப்பாக இருந்தாலோ ஆம்புலன்ஸை அழைக்கவும். புதிதாகக் கடுமையான தலைவலி, தொடர் வாந்தி, எழுப்ப முடியாத தூக்கம், கைகாலில் புதிய பலவீனம், முகம் ஒருபுறம் இழுத்தல் ஆகியவற்றில் எது தென்பட்டாலும் உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். அமர்வு முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

மூளைக் காயத்துக்குப் பின் மனச்சோர்வு பரவலாகக் காணப்படுகிறது. தற்கொலை எண்ணம் எழும் ஆபத்தும் கூடுகிறது. வாழ்வதில் பொருளில்லை என்று ஒருவர் சொன்னாலோ வரைந்தாலோ, பேச்சை மாற்றாமல், அமர்வின் இடையிலோ முடிவிலோ தனியே அழைத்து நேராகக் கேட்கவும். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. அவரைத் தனியாக விடாமல், பொறுப்பான மருத்துவருக்கும் குடும்பத்தாருக்கும் அன்றே தெரிவிக்கவும். குழுவில் பேசுவது வெளியே போகாது என்ற உறுதிமொழிக்கு இது ஒன்று விலக்கு என்பதை முதல் நாளே எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்க வேண்டும்.

எட்டாம் படி: ஓவியம் யாருடையது

வரைந்தவருடையது. அதைப் படம் எடுக்க, சுவரில் மாட்ட, கண்காட்சியில் வைக்க, இணையத்தில் போட ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே, ஒவ்வொரு முறையும் அவரிடம் கேட்க வேண்டும். முதல் வாரம் எல்லாவற்றுக்கும் சேர்த்து வாங்கிய கையெழுத்து, முகமூடிக்குச் செல்லாது.

ஒன்பதாம் படி: முன்னேற்றத்தைக் குறிப்பது

பொதுவான மதிப்பெண் தாள்கள் இங்கே அதிகம் உதவா. 1968-இல் கிரெசுக், ஷெர்மன் இருவரும் முன்வைத்த இலக்கு அளவீடு எளியது: ஒவ்வொருவரும் தனக்கென ஓர் இலக்கைச் சொல்வார், எதிர்பார்த்த அளவை எட்டினால் 0, அதைவிடச் சற்று மேலே போனால் +1, வெகுவாகப் போனால் +2, அதேபோலக் கீழே -1, -2. உதாரணமாக, குழுவில் தானாக ஒரு கேள்வியாவது கேட்பது 0 என்று வைத்தால், யாராவது தூண்டினால் மட்டும் கேட்பது -1. இலக்கு அவருடைய வாழ்க்கையிலிருந்து வர வேண்டும். தொலைபேசியில் ஒரு நிமிடம் பேசுவது, பேரக்குழந்தைக்கு ஒரு படம் வரைந்து கொடுப்பது போன்றவை நல்ல இலக்குகள். சொல்வளத்தைப் பெருக்குவது என்பது சிகிச்சையாளரின் இலக்கு.

எதைச் சொல்லி நம்பிக்கை தரலாம் என்பதிலும் அளவு வேண்டும். நாள்பட்ட பேச்சிழப்பு உள்ள 24 பேரைக் கொண்டு அமெரிக்காவில் நடத்தி 1999-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், நான்கு மாதம் வாரந்தோறும் ஐந்து மணி நேரம் குழு உரையாடலில் பங்கெடுத்தவர்களின் பேச்சுத்தொடர்பு, வெறுமனே பிறரோடு கூடிப் பழகியவர்களுடையதைவிட மேம்பட்டது. காயம்பட்டு நெடுநாள் ஆனபின்பும் மேம்பட வாய்ப்புண்டு என்பதற்கு இது நல்ல ஆதாரம். ஓவியத்தைப் பொறுத்தவரை கிடைக்கும் ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை. மனநிலைக்கும் பிறரோடு பழகுவதற்கும் உதவுகிறது என்று சொல்லலாம், அழிந்த மூளைப் பகுதி வண்ணம் தீட்டினால் வளரும் என்று யாரிடமும் சொல்லக் கூடாது. உடற்பயிற்சியையும் மருந்தையும் விட்டுவிட்டு இதற்கு மட்டும் வருவேன் என்பவரையும் ஊக்கப்படுத்தக் கூடாது.

பத்தாம் படி: முடிப்பது

பத்து அல்லது பன்னிரண்டு வாரம் என்று முதல் நாளே எல்லை வைத்து, எத்தனை வாரம் மீதி என்பதைப் பலகையில் ஒவ்வொரு முறையும் எழுதவும். வேலை, நண்பர், வண்டி ஓட்டும் உரிமை என்று பலவற்றைச் சொல்லாமல் கொள்ளாமல் இழந்தவர்கள் இவர்கள். குழுவும் திடீரென்று நின்றுபோகக் கூடாது. கடைசி இரண்டு அமர்வுகளில் எல்லா ஓவியங்களையும் வரிசையாக அடுக்கிப் பார்த்து, எதை வீட்டுக்குக் கொண்டுபோவது, எதைக் கிழித்துப்போடுவது என்று வரைந்தவரே முடிவு செய்யட்டும். குடும்பத்தாரைக் கடைசி அமர்வின் பின்பாதிக்கு மட்டும் அழைக்கலாம். அவர்களுக்கென்று தனிக் குழு நடத்த முடிந்தால் இன்னும் நல்லது, ஏனெனில் நோயாளி முன்னால் அவர்கள் சொல்லாமல் விழுங்குவது நிறைய.

ஒரு சுற்றை முடித்தவர்களில் விருப்பமுள்ள ஒருவரை அடுத்த சுற்றில் துணையாளராக உட்காரவைப்பது பெரும்பாலும் நன்றாக அமைகிறது; பத்து நொடி காத்திருக்க அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு அடுத்த சுற்று தொடங்கும் தேதி, கிழமை, நேரம், அறை ஆகியவற்றைப் பெரிய எழுத்தில் அட்டையில் எழுதி, அவர்களுடைய ஓவியத்தின் பின்புறத்தில் ஒட்டிக் கொடுத்தனுப்பவும். வாயால் மட்டும் சொன்ன தேதி வாசலைத் தாண்டாது.